எந்த நாட்டில் மேற்படிப்பு? முடிவெடுக்கும் முன் போட வேண்டிய ஐந்து கணக்குகள்

(உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இறுதியாண்டு படிக்கிற மாணவர்கள், கூடவே வந்திருக்கிற அப்பா அம்மாக்கள், இந்த உரையைப் பிறகு கைப்பேசியில் படிக்கப் போகிறவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். முதுநிலைப் படிப்புக்கு வெளிநாடு போகலாமா என்ற பேச்சு வந்தாலே முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "எந்த நாடு நல்ல நாடு?" இந்தக் கேள்விக்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்தக் கேள்வியில் நீங்கள் இல்லை. உங்கள் படிப்பு இல்லை, உங்கள் வீட்டு வருமானம் இல்லை, உங்கள் ஐந்து வருடத் திட்டம் இல்லை. "எனக்கு எந்த நாடு பொருந்தும்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

2024இல் வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல் என்கிறது வெளியுறவு அமைச்சகத்தின் கணக்கு. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,31,602 பேர். அவர்களில் ஏறக்குறைய 2 லட்சம் பேர் முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தவர்கள். இத்தனை பேர் போகிறார்கள் என்பதே நாமும் போகலாம் என்பதற்குக் காரணம் ஆகிவிடாது. ஒவ்வொரு மாணவருக்குப் பின்னாலும் ஒரு வீட்டுப் பத்திரமோ, ஒரு தாயின் நகையோ, பத்து வருடக் கடனோ இருக்கிறது. அதனால் ஐந்து கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம். பேனா, தாள் தேவையில்லை, கையில் இருக்கிற போன் போதும்.

முதல் கணக்கு: படிப்பு எதற்காக?

நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் படிப்பைத் தேர்ந்தெடுங்கள். படிப்பு முடிவானால், பொருந்தாத நாடுகள் தாமாகவே பட்டியலில் இருந்து விழுந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் முதுநிலை முடித்தவர் 12 மாதம் வேலை செய்ய அனுமதி உண்டு. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த படிப்பு என்று அரசுப் பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் கூடுதலாகக் கிடைக்கும். ஆக மொத்தம் 3 வருடம். அந்தப் பட்டியலில் இல்லாத படிப்பு என்றால் ஒரே வருடம்தான். ஒரே பல்கலைக்கழகம், ஒரே கட்டணம், ஆனால் துறை மாறினால் 2 வருட வித்தியாசம். பல நிர்வாகவியல் படிப்புகள் பட்டியலில் இல்லை, சில இருக்கின்றன. சேர்க்கைக் கடிதம் வரும் முன்பே பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, "இந்தப் படிப்பு அந்தப் பட்டியலில் உண்டா?" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கலை, அறிவியல் கல்லூரிகளில் படிக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம்முடைய மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எல்லாமே ஏற்பதில்லை. சில ஏற்கும், சில நான்கு ஆண்டு கேட்கும். இங்கிலாந்தில் இளநிலைப் பட்டமே பெரும்பாலும் மூன்றாண்டு என்பதால் அங்கே இது பெரிய தடையாக இருப்பதில்லை. விண்ணப்பக் கட்டணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட, முன்பே பார்த்துவிடுவது நல்லது.

நர்சிங், பிசியோதெரபி, மருந்தியல், சட்டம் போன்ற படிப்புகளில் பட்டம் மட்டும் போதாது. அந்தந்த நாட்டில் தொழில் செய்ய அங்குள்ள மன்றத்தில் பதிவு வேண்டும், தனித் தேர்வு வேண்டும். பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகம் வேறு, உரிமம் கொடுக்கிற மன்றம் வேறு. இரண்டின் இணையதளத்தையும் பார்த்துவிட்டுத்தான் நாட்டை முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் கணக்கு: மொத்தச் செலவு

கல்விக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து "அந்த நாடு மலிவு, இந்த நாடு அதிகம்" என்று சொல்கிறார்கள். அது பாதிக் கணக்குதான். கட்டணம், வாழ்க்கைச் செலவு, விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பாருங்க.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான முதுநிலைப் படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை மட்டும் கட்ட வேண்டும். ஆனால் விதிவிலக்கு உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரில் இருந்து வெளிநாட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. முதுநிலைக்குப் பெரும்பாலும் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ. "ஜெர்மனி என்றாலே இலவசம்" என்று யாராவது சொன்னால், எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம் என்று திருப்பிக் கேளுங்கள்.

கட்டணம் இல்லாவிட்டாலும் முடக்கக் கணக்கு என்று ஒன்று உண்டு. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்காக 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும்; மாதம் 992 யூரோ வீதம்தான் எடுக்க முடியும். ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்தாலே இது 11 லட்சத்து 90 ஆயிரம். இந்தப் பணம் உங்களுடையதுதான், செலவுக்குத் திரும்ப வரும். ஆனால் கிளம்பும் முன்பே கையில் இருக்க வேண்டும். அதோடு, நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருகிற ஏபிஎஸ் சான்று இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரில் இருந்து கட்டாயம். அதற்குக் கட்டணம் 18,000 ரூபாய்.

இங்கிலாந்தில் பெரும்பாலான முதுநிலைப் படிப்புகள் ஓராண்டில் முடிந்துவிடும். கட்டணம் அதிகம், ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவு மிச்சம். விசாவுக்கு 9 மாத வாழ்க்கைச் செலவைக் காட்ட வேண்டும். லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களில் 1,171 பவுண்டு. அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். இதற்கு மேல் மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு.

கனடாவில் முதலாண்டுக் கட்டணம் போக, தனி ஆளுக்கு 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும். விசாக் கட்டணம் மட்டுமே 2,000 டாலர், விசா மறுக்கப்பட்டால் அது திரும்ப வராது. பிரான்சில் அரசுப் பல்கலைக்கழக முதுநிலைப் படிப்புக்கு வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 யூரோதான். ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகளும் அங்கே இருக்கின்றன.

"பகுதி நேர வேலை பார்த்துக் கட்டணத்தைக் கட்டிவிடலாம்" என்று சொல்பவர்களை நம்பிக் கிளம்பாதீர்கள். எல்லா நாட்டிலும் வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு. இங்கிலாந்தில் வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம், கனடாவில் 24 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள். வரம்பை மீறினால் விசாவே போய்விடும். பகுதி நேர வருமானம் மளிகைச் செலவுக்கு உதவும். கல்விக் கட்டணக் கணக்கில் அதைச் சேர்க்கவே கூடாது.

மூன்றாம் கணக்கு: கடன்

இப்போது போனில் இருக்கிற கால்குலேட்டரைத் திறங்க. 30 லட்சம் ரூபாய் கல்விக் கடன், 11 விழுக்காடு வட்டி, 10 வருடத்தில் அடைக்க வேண்டும் என்று வைப்போம். மாதத் தவணை ஏறக்குறைய 41,300 ரூபாய்.

கணக்கு இதோடு முடியவில்லை. படிக்கும் 2 வருடமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்லும். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். மொத்தக் கடனும் முதல் நாளே கொடுக்கப்பட்டதாக வைத்தால் 3 வருட வட்டி 9 லட்சத்து 90 ஆயிரம். அதைக் கட்டாமல் விட்டு அசலோடு சேர்த்தால் தவணை மாதம் 55,000 ரூபாயை நெருங்கிவிடும். கடன் தவணை தவணையாகக் கொடுக்கப்படுவதால் உண்மையில் கொஞ்சம் குறையும். ஆனாலும் படிக்கும் காலத்திலேயே மாத வட்டியையாவது குடும்பத்தால் கட்ட முடியுமா என்று பார்த்துக்கொள்வது பெரிய சுமையைக் குறைக்கும்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் வீடு, நிலம், வைப்புத்தொகை ஏதாவது கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்பு என்றால் செலவில் 15 விழுக்காட்டை நாமே போட வேண்டும். வித்யாலட்சுமி தளத்தில் ஒரே விண்ணப்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிகளை அணுகலாம். ஒரே வங்கியில் "ஆகும், ஆகும்" என்ற வாய்வார்த்தையை நம்பி மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டுக்குக் கல்விக்காகப் பணம் அனுப்பும்போது பிடிக்கப்படும் வரியைப் பற்றியும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தில் வாங்கிய கல்விக் கடனில் இருந்து அனுப்பினால் இந்தப் பிடித்தம் இல்லை. சொந்தப் பணத்தில் அனுப்பினால் நிதியாண்டுக்கு 10 லட்சம் வரை பிடித்தம் இல்லை. அதற்கு மேல் பிடித்தாலும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடு செய்துகொள்ளலாம்.

கடனுக்கு முன்பே உதவித்தொகையைத் தேடுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியலினத்தவர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் குடும்பங்களுக்கானது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எல்லாப் பிரிவினருக்கும் ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டம் உண்டு. குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பு, மாதம் 1,400 யூரோ உதவித்தொகை. இங்கிலாந்தின் செவனிங், காமன்வெல்த், ஜெர்மனியின் டாட், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்-நேரு ஆகியவையும் இருக்கின்றன. செவனிங்குக்கும் ஃபுல்பிரைட்டுக்கும் வேலை அனுபவம் கேட்பார்கள். அப்படியானால் இங்கேயே இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுப் போவதும் நல்ல திட்டம்தானே? "ஒரு வருடம் வீணாகிவிடும்" என்று பயந்து பெருங்கடனில் இறங்க வேண்டாம்.

நான்காம் கணக்கு: படித்து முடித்த பின்

"அங்கேயே வேலை கிடைத்துவிடும்" என்ற நம்பிக்கையில்தான் பாதிப் பேர் நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதில் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு காலம் வேலை தேட அனுமதி? அந்தக் காலம் முடிந்தால் என்ன வழி?

இங்கிலாந்தில் முதுநிலை முடித்தவர்களுக்கு 2 வருட அனுமதி இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம் ஆகிறது. 2026 செப்டம்பரில் ஓராண்டுப் படிப்பில் சேர்பவர் 2027இல்தான் விண்ணப்பிப்பார். அதனால் அவருக்கு 18 மாதம்தான். அதன்பின் தங்க வேண்டும் என்றால் திறன்மிகு பணியாளர் விசா. அதற்கான பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாகப் படித்து வருபவர்களுக்குச் சலுகையாக 33,400 பவுண்டு. உங்கள் துறையில் ஆரம்பச் சம்பளம் இதைத் தொடுமா என்பதை வேலைவாய்ப்புத் தளங்களில் இன்றைக்கே தேடிப் பார்க்கலாம். இன்னொன்று: 2024 ஜனவரியில் இருந்து, பாடமுறை முதுநிலை மாணவர்கள் கணவன், மனைவி, குழந்தையை உடன் அழைத்துப் போக முடியாது.

அமெரிக்காவில் 3 வருட அனுமதிக்குப் பின் எச்1பி விசா. ஆண்டுக்கு 65,000, அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்கு என்று கூடுதலாக 20,000. விண்ணப்பங்கள் அதைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் தெரிவு முறை. நன்றாகப் படித்து, நல்ல நிறுவனத்தில் வேலையும் கிடைத்த பிறகும் இந்தத் தெரிவில் பெயர் வராமல் போகலாம். 2025 செப்டம்பரில், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்றும் அறிவித்தார்கள். விதிகள் எவ்வளவு வேகமாக மாறுகின்றன என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கனடாவில் முதுநிலை முடித்தவருக்குப் படிப்பு 2 வருடத்துக்குக் குறைவாக இருந்தாலும் 3 வருட வேலை அனுமதி கிடைக்க வழி உண்டு. 2024இல் கொண்டுவந்த மாணவர் எண்ணிக்கை வரம்பில் இருந்து அரசுப் பல்கலைக்கழக முதுநிலை மாணவர்களுக்கு 2026 ஜனவரி முதல் விலக்கும் அளித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இந்தியாவுடனான வணிக ஒப்பந்தத்தால் நம் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 3 வருடம் வரை. ஆனால் விண்ணப்பிக்கும்போது வயது 35ஐத் தாண்டக் கூடாது. அயர்லாந்திலும் பிரான்சிலும் 2 வருடம் வரை. ஜெர்மனியில் 18 மாதம்.

ஜெர்மனி, பிரான்சு என்றால் மொழியையும் செலவாகவும் நேரமாகவும் கணக்கில் சேருங்கள். படிப்பு ஆங்கிலத்தில் இருக்கலாம். ஆனால் நேர்காணலும் பணியிடமும் வீட்டு வாடகைப் பேச்சும் உள்ளூர் மொழியில்தான் இருக்கும். சென்னையில் கோத்தே நிறுவனம், அலியான்ஸ் பிரான்செஸ் இரண்டும் இருக்கின்றன. இணைய வகுப்புகளும் உண்டு. போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், கல்லூரி மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கினால் கிளம்பும்போது ஓரளவு பேச வந்துவிடும்.

இப்போது யாரும் கேட்க விரும்பாத கேள்வி. திரும்பி வந்தால்? அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள்; அதையும் ஒரு வழியாகவே திட்டத்தில் வையுங்கள். இந்தியாவில் உங்கள் துறையில் கிடைக்கும் ஆரம்பச் சம்பளத்தில் அந்த 41,000 ரூபாய்த் தவணையைக் கட்ட முடியுமா? முடியும் என்றால் தைரியமாகப் போங்க. முடியாது என்றால் அந்த நாடோ, அந்தப் பல்கலைக்கழகமோ உங்களுக்கு இப்போதைக்குப் பொருந்தவில்லை. உங்களுக்குத் தகுதி இல்லை என்று அர்த்தமில்லை. அந்த விலைக்கு அது வேண்டாம் என்றுதான் அர்த்தம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

திரும்பி வந்து கல்லூரி ஆசிரியர் பணிக்கோ, அரசுப் பணிக்கோ போக நினைத்தால் பட்டத்துக்கு இணைத்தகுதிச் சான்று வேண்டும். இதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் தனி விதிமுறை வெளியிட்டிருக்கிறது. வேறொரு நிறுவனம் பெயரை வாடகைக்கு எடுத்து நடத்துகிற உரிமக் கிளைப் பட்டங்கள் அதில் ஏற்கப்படாது. சட்டம், மருத்துவம், கட்டடக் கலை போன்றவற்றுக்கு அந்தந்த மன்றத்தின் விதிதான்.

ஐந்தாம் கணக்கு: யார் பேச்சைக் கேட்பது?

கன்சல்டன்சிக்குப் போவது தவறில்லை. ஆனால் "எங்களுக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம்" என்று சொன்னால், அப்படியானால் அவர்களுக்கு யார் தருகிறார்கள் என்று யோசியுங்கள். பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குக் கமிஷன் தருகின்றன. கமிஷன் தராத பல்கலைக்கழகம் உங்களுக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் அவர்கள் பட்டியலில் வராமல் போகலாம்.

2023இல் கனடாவில் நூற்றுக்கணக்கில் இந்திய மாணவர்கள் போலிச் சேர்க்கைக் கடிதச் சிக்கலில் மாட்டிக்கொண்ட செய்தி நினைவிருக்கும். கடிதம் போலி என்பதே பலருக்கும் வருடங்கள் கழித்து, நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது. அதன்பின் கனடா ஒவ்வொரு கடிதத்தையும் கல்வி நிறுவனத்திடமே சரிபார்க்கத் தொடங்கியது. நமக்கான பாடம் எளிது. விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் கொடுங்கள். கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும். கடிதம் வந்ததும் பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதி உறுதி செய்யுங்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகக் கணக்குக்கே அனுப்புங்கள். தனிநபர் கணக்குக்கு வேண்டவே வேண்டாம். போலி வங்கிச் சான்று தயார் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மாட்டினால் தடை விழுவது உங்கள் பாஸ்போர்ட் மேல்தான்.

மூன்று பேர், மூன்று முடிவுகள்

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க மூன்று கற்பனை மாணவர்களை எடுத்துக்கொள்வோம்.

சிவில் இன்ஜினியரிங் முடித்த மாணவர். விவசாயக் குடும்பம், 12 லட்சம் வரை திரட்ட முடியும், பெரிய கடன் வேண்டாம் என்கிறார்கள். கட்டணம் இல்லாத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் இவருக்குப் பொருந்தும். ஆனால் முடக்கக் கணக்குப் பணம் வருடாவருடம் வேண்டும். இரண்டாம் ஆண்டுக்கு என்ன வழி என்று இப்போதே பேசிவிட வேண்டும். ஒரு வருடம் முன்பிருந்தே ஜெர்மன் மொழி, ஏபிஎஸ் சான்று இரண்டையும் தொடங்க வேண்டும்.

பி.காம் முடித்து மூன்று வருடம் வேலை பார்த்த பெண். குடும்பத்துக்குத் திருப்பூரில் சிறிய ஏற்றுமதித் தொழில். படித்துவிட்டு அதையே வளர்க்கத்தான் திரும்பி வரப் போகிறார். மூன்றாண்டுப் பட்டம், ஓராண்டில் முடிய வேண்டும். இங்கிலாந்து, அயர்லாந்து இரண்டும் பொருந்தும். வேலை அனுமதி 2 வருடமா, 18 மாதமா என்பது இவருக்குப் பிரச்சினையே இல்லை. அனுபவம் இருப்பதால் செவனிங் உதவித்தொகைக்கும் முயலலாம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த மாணவி, நல்ல மதிப்பெண். வீட்டை அடமானம் வைத்து 45 லட்சம் கடனில் அமெரிக்கா போக நினைக்கிறார். 3 வருட அனுமதி உண்டு, வாய்ப்பும் பெரிது. ஆனால் திரும்பி வந்தால் தவணை 60,000 ரூபாய்க்கு மேல். இவருக்கு மூன்று வழிகள்: ஆராய்ச்சி உதவியாளர் வாய்ப்பு தரும் பல்கலைக்கழகத்துக்கு முயல்வது, கட்டணம் குறைந்த மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தேடுவது, இங்கே 2 வருடம் வேலை பார்த்துச் சேமித்துவிட்டுப் போவது. "பெண் பிள்ளை, போக வேண்டாம்" என்று சொல்வது இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. கணக்கு கடனைப் பற்றியது, பெண்ணைப் பற்றியது அல்ல.

மூவருக்கும் ஒரே நாட்டைச் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்காவது தவறாகப் போயிருக்கும்.

இன்றே செய்யக்கூடியவை

பாஸ்போர்ட் இல்லை என்றால் எம்பாஸ்போர்ட் சேவா செயலியில் விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்க. இனிஷியலை விரித்து எழுதுவதில்தான் நம் ஊரில் அதிகச் சிக்கல் வருகிறது. காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்கும் நாடுகளுக்கு அதையும் பாஸ்போர்ட் சேவா வழியாகவே பெறலாம்.

உதவித்தொகைக்கு வருமானச் சான்று, சாதிச் சான்று தேவைப்பட்டால் இ-சேவை மையத்திலோ இணையத்திலோ முன்பே வாங்கி வையுங்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் வரிசையில் நிற்கும்படி வைத்துக்கொள்ள வேண்டாம். டிஜிலாக்கரில் மதிப்பெண் பட்டியல்கள் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். சில நாடுகள் கேட்கும் அப்போஸ்டில் முத்திரைக்கு முதலில் மாநில அளவில் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகம் என்ற வரிசை உண்டு. அதற்கும் நாள் ஒதுக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் தளத்தில் மாணவராகப் பதிவு செய்யுங்கள். அங்கே ஏதாவது நெருக்கடி என்றால் தூதரகம் உங்களைத் தேடிப் பிடிக்க அது உதவும். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை பற்றியும் கிளம்பும் முன் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்.

நான் சொன்ன தொகைகளும் கால வரம்புகளும் அரசுகள் நிர்ணயிப்பவை, அவை மாறும். அதனால் ஒரு பழக்கம் வையுங்கள். நண்பர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, யூடியூப் காணொலி எதுவானாலும், விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் அரசு இணையதளத்தைத் திறந்து எண்ணைச் சரிபார்த்து, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கடன் கையெழுத்து போடும் முன் ஒரு நாள் மாலை பிள்ளையோடு உட்கார்ந்து இந்த ஐந்து கணக்கையும் போடுங்கள். என்ன படிப்பு, மொத்தம் எவ்வளவு, தவணை எவ்வளவு, முடித்தபின் எத்தனை மாதம், யார் சொல்லி இந்த முடிவு? வீட்டின் உண்மையான வருமானத்தைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். மாணவர்களே, நீங்களும் அங்கே கஷ்டமாக இருந்தால் வீட்டில் சொல்லத் தயங்காதீர்கள். தவணை கட்ட முடியவில்லை என்றால் வங்கியிடம் முன்கூட்டியே பேசலாம், படிப்பு ஒத்துவரவில்லை என்றால் மாற்று வழி தேடலாம். சொல்லாமல் மறைத்தால்தான் யாராலும் உதவ முடியாமல் போகும்.

கணக்கு சரியாக வந்த நாடுதான் உங்களுக்கு நல்ல நாடு. போய் நன்றாகப் படித்து வாருங்கள்.